இதர இனங்கள்

பக்கம் இருபத்திரண்டு, வரிசை எண் ஏழு,
'இதர இனங்கள்'.
எல்லா வருஷமும் அதில்
நாய் பிடிக்கும் கூலி, கொடிக்கம்பத்துக்குப் பெயின்ட்,
இப்படி ஏதாவது கிடக்கும்.
அந்த வருஷம் ஒரு மருத்துவமனையை
நான்காய் மடித்து அதற்குள் வைத்தேன்.
வைத்தது நான்தான். சொல்லிவிடுகிறேன்.

புதுவயலில் நெல் அவியும் வாசனைக்கு
விடியும் முன்பே பசிக்கும்.
விடிந்தபின் கொடியில் காயும் வேட்டியில்
உமிச்சாம்பல் புள்ளி வைக்கும்.
ஆலைக் களத்தில் நெல் தள்ளும் பெண்கள்
பேச்சை இரண்டாய் உடைத்து நடுவில் இருமுவார்கள்.
யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
அது அவர்கள் பேச்சின் காற்புள்ளி.

மூட்டைக்கு ஒரு ரூபாய்.
ஆலைகள் கொடுத்தால் ஒரு நெஞ்சக மருத்துவர்,
ஊதிப் பார்க்கும் கருவி, ஆறு கட்டில்.
பேரூராட்சித் தலைவர் தேனம்மை இரண்டு முறை தீர்மானம் வைத்தார்.
முதல் முறை அ.பெரி. சாத்தப்பன்
நான்கு மணி நேரம் பேசினார்:
மின்கட்டணம், கர்நாடகத்து அரிசி,
தன் பாட்டையா வெட்டிய ஊருணி,
மறுபடி மின்கட்டணம்.
விளக்குப் போடும் நேரத்தில் மன்றம் கலைந்தது.
இரண்டாம் முறை வாக்கெடுப்பு.
புது வரி என்றால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்,
பதினைந்தில் பத்து.
எங்களிடம் எட்டு.
எட்டு ஏழை ஜெயிக்காத கணக்கை
அன்றைக்கு என் கையால் எழுதினேன்.

ராத்திரி விதித்தொகுப்பைப் புரட்டினேன்.
கரையான் விட்டுவைத்த பக்கத்தில் விதி முப்பத்தொன்று:
வரவுசெலவுத் திட்டத்தை மன்றம்
முழுதாக ஏற்கலாம் அல்லது முழுதாக மறுக்கலாம்;
விவாதம் ஒரு மணிக்கு மேற்படாது;
சாதாரணப் பெரும்பான்மை போதும்.
மூன்று வரி.
என் பங்குக்கு 'வரி'யை அடித்துவிட்டு
'சேவைக் கட்டணம்' என்று போட்டேன்.
பொய் இல்லை. உண்மை என்றும் சத்தியம் பண்ண மாட்டேன்.

மார்ச் இருபத்தெட்டு, கரண்ட் இல்லாத மதியம்.
ஐம்பத்தெட்டாம் நிமிஷத்தில்
பக்கம் இருபத்திரண்டில் விரலை வைத்தது
சாத்தப்பன் இல்லை,
ஒன்பதாம் வார்டு ரவியத்து பீவி, எங்கள் எட்டில் ஒருவர்.
"இதென்ன தம்பி, இதர இனம் பத்தொன்பது லட்சம்?
எத்தனை நாயைப் பிடிக்கப் போறீக?"
நான் தலைவரைப் பார்த்தேன்.
தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
மணி அடித்தார்.

எட்டுக்கு ஏழு.
ரவியத்து பீவியும் கை தூக்கினார்.
தூக்கிய கை இறங்கும்வரை என்னையே பார்த்தார்.
அதை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது?

கட்டில்கள் வந்தன.
குழாயில் ஊதிய பெரியகருப்பி
முள் எதுவரை போச்சு என்று கேட்டுவிட்டு
இன்னொரு தரம் ஊதினாள்,
மறுகூட்டலுக்கு எழுதிப்போட்ட பிள்ளை மாதிரி.
சாத்தப்பனின் டிரைவர்கூட
செவ்வாய்க்கிழமைகளில் வந்தான், பின்வாசல் வழியாக.
எனக்குத் தூக்கம் நன்றாக வந்தது.
அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த தேர்தலில் நாற்காலி மாறியது.
விவாதம் முப்பது நிமிஷம்கூட ஓடவில்லை.
பக்கம் இருபத்திரண்டு, வரிசை எண் ஏழு: பூஜ்யம்.
வாசித்தது நான்தான், அதே குரலில்.
சாத்தப்பன் தோளைத் தட்டினார்:
"விதி முப்பத்தொன்று. நல்ல விதி தம்பி.
நாங்கள்லாம் படிக்காமயே இருந்துட்டோம்."

கட்டில்கள் இப்போது என் அலுவலகத்து மாடியில்
கால் மேலாகக் கிடக்கின்றன.
போன வாரம் பிறப்புச் சான்றுக்கு வந்த பெரியகருப்பி
கவுன்டரில் கை ஊன்றிக் கேட்டாள்:
"எந்தச் சட்டத்துலய்யா மூடுனாக?"
எண் நாக்கு நுனியில் இருந்தது.
"மேலிடத்து உத்தரவும்மா" என்றேன்.
அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்,
நடுவில் காற்புள்ளி வந்தது.
மீதிக்குக் காத்திருக்காமல்
நான் முத்திரையை மையில் ஒற்றினேன்.